நோட்டீஸில் மட்டும் இருந்த லேப்

மூன்று வருஷத்துக்கு முன்னால், நல்ல சித்திரை வெயிலில் நடந்தது இது. புதுக்கோட்டை டவுனைத் தாண்டி வெளியே இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது.

எம்.எஸ்சி., பி.எட். இரண்டையும் முடித்த கையோடு எனக்குக் கல்யாணமாகிவிட்டது. பிறகு குழந்தை, வீடு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. குழந்தை எல்.கே.ஜி. போக ஆரம்பித்த பிறகு கிடைத்த முதல் வேலை என்பதால், பணி நியமனக் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். 'முதுகலை வேதியியல் ஆசிரியை. பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துதல் மற்றும் செய்முறைப் பயிற்சி அளித்தல்' என்று கெட்டியான தாளில் அடித்திருந்தார்கள். செய்முறைப் பயிற்சி என்ற இடம் வந்ததும் எனக்குக் காலேஜ் லேபின் வாடையே மூக்கில் ஏறியது. கடைசியில் பொடி எழுத்தில் 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்' என்று ஒரு வரி இருந்தது. கடிதமென்றால் அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்யும் என்று அதை அப்படியே கடந்து போய்விட்டேன்.

முதல் நாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. லீவில் எதற்கு வரச் சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குள் போனேன். எனக்காக மேஜைமேல் ஒரு குடை, பள்ளியின் பெயர் போட்ட ஒரு தொப்பி, ஒரு கட்டு நோட்டீஸ் மூன்றும் தயாராக இருந்தன.

தாளாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். "டீச்சர், மத்த டீச்சருங்களோட வேன்ல போயி ஊர் ஊரா நோட்டீஸ் குடுத்துட்டு வாங்க. பத்தாவது எழுதுன புள்ளைங்க இருக்கற வீடாப் பாத்து உள்ள போயிப் பேசுங்க" என்றார்.

"சார், நான் பிளஸ் ஒன்னுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கத்தான்..." என்று இழுத்தேன்.

"எடுக்கலாம் டீச்சர். நம்ம ஸ்கூல்ல இந்த வருசம்தான் பிளஸ் ஒன்னே ஆரம்பிக்கப் போறோம். புள்ளைங்க வந்தாத்தானே பாடம் நடத்த முடியும்? நீங்க எடுக்கப் போற கிளாசுக்கு நீங்களே ஆள் சேக்கறீங்க. அவ்வளவுதான்."

அவர் சொன்ன விதத்தில் அது ஏதோ நியாயம் போலவே இருந்தது. தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். சாயங்காலம் முகமெல்லாம் கருத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, என் கணவர் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பொடி எழுத்து வரியில் விரலை வைத்துக் காட்டினார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆனால் என்னிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம் உண்டு. மூடியிருப்பதைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. வெயிலை விட்டுவிட்டால், அந்த வேலை என் குணத்துக்குத் தோதாகவே இருந்தது. வீடு வீடாகப் போகலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பெரிய பெரிய வீடாகக் கட்டி, வாசலில் கேமராவும் மாட்டிவிட்டு, உள்ளே ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்கும் வீடுகளைப் பார்த்தேன். ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிறையப் பச்சையாக அசோலா வளர்த்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் சங்கதியை அந்த வீட்டு அக்காவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, நோட்டீஸ் கொடுக்கவே மறந்து திரும்பினேன். எல்லா வீட்டிலும் கேட்ட முதல் கேள்வி, வேன் எங்க ஊருக்குள் வருமா என்பதுதான். பாடம் யார் எடுப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு வாரம் போன பிறகுதான் அந்த நோட்டீஸை நானே நிதானமாகப் பார்த்தேன். ஒரு மதியம் வேனுக்காகப் புளியமரத்தடியில் காத்திருந்தபோது வேறு படிக்க எதுவும் இல்லை. நோட்டீஸின் நடுவில் பெரிய கலர் படம். 'அதிநவீன ஆய்வகம்' என்று கீழே போட்டிருந்தது. வெள்ளை டைல்ஸ் மேஜைகள், வெள்ளை கோட்டு போட்ட பெண்பிள்ளைகள், ஸ்டாண்டில் பியூரெட் என்ற அளவுக் குழாய். அந்தப் பியூரெட்டைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரவம் சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அதைப் பிடிக்க அடியில் குடுவையே இல்லை. எந்த லேபிலும் எந்த டீச்சரும் அப்படிச் செய்ய விடமாட்டார். சரி, இது நம் பள்ளியில் எந்த இடம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. சேர்ந்து இத்தனை நாளாகியும் லேபை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

வேன் வந்ததும் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே வண்டி ஓட்டுபவர் அவர்.

"மாடில கடைசி ரூமும்பாங்க டீச்சர்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நான் உள்ள போயிப் பாத்ததில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று பள்ளிக்குத் திரும்பியதும் நேரே மாடி ஏறினேன். கடைசி அறை பூட்டியிருந்தது. ஜன்னல் கதவு மட்டும் சரியாகச் சாத்தாமல் இருந்தது. நெற்றியைக் கம்பியில் அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தேன். ஆண்டு விழாவுக்குச் செய்த அட்டைத் தேர் ஒன்று சக்கரம் கழன்று நின்றது. தெர்மாகோல் கோபுரம், ஜிகினா ஒட்டிய ராஜா கிரீடங்கள், காலொடிந்த பெஞ்சுகள். ஓர் ஓரத்தில் பிரிக்காத அட்டைப் பெட்டி. அதன்மேல் வாஷ்பேசின் படம் போட்டிருந்தது. அவ்வளவுதான் எங்கள் அதிநவீன ஆய்வகம்.

தாளாளரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் மழுப்பவில்லை. "ஜூன்ல வந்துரும் டீச்சர். அட்மிஷன் ஆச்சுன்னா லேப் வந்துரும். யாரும் கேட்டா இருக்குன்னே சொல்லுங்க, தப்பில்ல" என்றார். லேப் வர வேண்டுமென்றால் பிள்ளைகள் வர வேண்டும். பிள்ளைகள் வர வேண்டுமென்றால் லேப் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். படி இறங்கும்போது எனக்கு என் கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று ராத்திரி கணவரிடம், "இந்த மாசம் முடியட்டும், நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரியென்றார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்களைத் திருவரங்குளம் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் முந்திரித் தோப்புகள். சிமெண்ட் ஷீட் போட்ட முன்தாழ்வாரம் உள்ள ஒரு வீட்டில், பத்தாவது எழுதிய பெண் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குடையை மடக்கிக்கொண்டு போய் நின்று, கெமிஸ்ட்ரி டீச்சர் என்று சொன்னேன்.

அந்த வீட்டு அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அன்று கரண்ட் இல்லையென்று வேலை இல்லை. "வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க" என்று ஃபேனில்லாத தாழ்வாரத்தில் நாற்காலி எடுத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கும்போது அவருடைய விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி கன்னங்கரேலென்று கருத்து, விரல் நுனியில் தோல் வெள்ளையாக உரிந்துபோயிருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவருடைய மகள் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கண் மட்டும் பெரிது. "மிஸ், நீங்க கெமிஸ்ட்ரி மிஸ்ஸா? அந்தக் கொட்டையில இருக்கற எண்ணெய் பட்டா ஏன் கை இப்புடி ஆகுது? ஆமணக்கெண்ணெய தடவிக்கிட்டு ஒடச்சா மட்டும் ஏன் அவ்வளவா புடிக்க மாட்டேங்குது?"

எத்தனை வருஷமாயிற்று என்னிடம் ஒருத்தர் இப்படி ஒரு கேள்வி கேட்டு! தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன். முந்திரித் தோட்டில் ஃபீனால் வகையைச் சேர்ந்த அமிலப் பொருள் இருக்கிறது, அது தோலைச் சுட்டுவிடும், தோலின்மேல் முதலிலேயே எண்ணெய் இருந்தால் இது உள்ளே இறங்க நேரமாகும், அப்படியும் கையுறை போடாமல் உடைப்பது ஆபத்து என்று ஆரம்பித்தேன். ஃபீனால் என்றால் என்ன என்று கேட்டாள். நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் பென்சீன் வளையம் போட்டுக் காட்டினேன். அவளுடைய அம்மாவும் தன் விரலை ஒரு தடவை, என் படத்தை ஒரு தடவை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் போனதென்றே தெரியவில்லை. அந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான்.

அப்புறம் அந்தப் பெண் நோட்டீஸை முன்பக்கம் திருப்பினாள். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஸ், இந்த லேப்ல எங்களையே செய்ய விடுவீங்களா? இல்ல நீங்க செஞ்சு காட்ட நாங்க பாத்து எழுதணுமா?"

அதுவரை எந்த வீட்டிலும் நான் வாய்திறந்து லேப் இருக்கிறது என்று சொன்னதில்லை. நோட்டீஸை நீட்டுவேன், படம் பேசிக்கொள்ளும். இந்தப் பெண் இப்படிக் கேட்டதும் பென்சிலைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தேன். அவளுடைய அம்மா என் முகத்தைக் கவனித்துவிட்டார்.

"சொல்லுங்க டீச்சர். இவ இந்தப் படத்தப் பக்கத்து ஊர்ல பாத்துட்டு நேத்துலேருந்து இதே பேச்சு. கழுத்துல கெடக்கறத அடகு வச்சாவது சேத்து விட்டுருவம்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு டீச்சர், பேப்பர்ல ஒண்ணு போட்டு, அங்க போனா வேற ஒண்ணா இருக்கறத எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு வாட்டி பாத்துட்டோம். இவ அப்பா எலக்ட்ரீசியன்னு பேப்பர்ல போட்டுத்தான் கல்ஃபுக்குப் போனாரு. அங்க குடோன்ல மூட்ட எறக்கிக்கிட்டு இருக்காரு. அதனாலதான் கேக்குறேன். பேப்பரு கெடக்கட்டும், நீங்க ஒங்க வாயால சொல்லுங்க."

"லேப் இன்னும் வரலைங்க" என்றேன். "ரூம் இருக்கு. உள்ள வேற சாமானெல்லாம் கெடக்கு. ஜூன்ல வரும்னு சொல்றாங்க. வருமான்னு எனக்குத் தெரியாது."

நிஜத்தைச் சொன்னதற்குச் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னமோ. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எதுக்கு இந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் அலையிறீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் நோட்டீஸைத் தொப்பிமேல் வைத்துவிட்டாள்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஏன் அலைகிறேன் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. கடிதத்தில் என்ன இருந்தது, புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் நின்றது, தொப்பி, குடை, பொடி எழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பொடி எழுத்து வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஒங்களையுமா டீச்சர்!" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இருங்க, இத அவருகிட்ட சொல்லணும்" என்று போனை எடுத்தார். வெள்ளிக்கிழமை அங்கே லீவாம். வீடியோவில் அவருடைய வீட்டுக்காரர் வந்தார். பின்னால் அடுக்குக் கட்டில்கள், கொடியில் காயும் துணிகள். மனைவி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சர்கிட்ட போனக் குடு" என்றார். வாங்கிக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"வணக்கம் டீச்சர். லேப்பு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வந்துரும், அத விடுங்க. நீங்க இருப்பீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "என்னங்க?" என்றேன்.

"இல்ல டீச்சர், சொல்றேன். இங்க நாங்க வந்தப்பவும் பேப்பர்ல இருந்தது ஒண்ணு, குடுத்த வேல ஒண்ணு. ஆனா அப்ப ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு, கேரளாக்காரரு. எங்கள எப்புடியாவது எலக்ட்ரிக்கல் பக்கம் மாத்தி விட்டுர்றேன்னு சொல்லி அலஞ்சாரு. பாதிப் பேர மாத்தியும் விட்டாரு. அதுக்குள்ள அவருக்கு வேற நல்ல எடம் கெடச்சுது, போயிட்டாரு. அவரத் தப்பு சொல்ல முடியாது. ஆனா மிச்சப் பேரு மூட்டையோட நின்னுட்டோம். அதான் கேக்குறேன். எம் புள்ள ஒங்கள நம்பிச் சேந்தா, வருசம் பூரா நீங்க அங்க இருப்பீங்களா?"

லேப் இல்லை என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது வேறொருவருடைய பொய், அதை நான் உடைத்துவிட்டேன் என்ற நினைப்பு. இந்தக் கேள்வி அப்படி இல்லை. நான் மாசக் கடைசியில் நின்றுவிடுவதாக முடிவே பண்ணியிருந்தேன். கைக்குள் இருந்த அந்தச் சின்னத் திரையில் ஒரு மனிதர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் அவருடைய பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலைங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"சரிங்க டீச்சர், நெசத்தச் சொன்னீங்க. அது போதும்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா, "எதுக்கும் ஒரு தடவ பள்ளிக்கூடத்துக்கு வந்து பாக்குறேன் டீச்சர்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் மகளோடும், அதே ஊரிலிருந்து இன்னும் இரண்டு அம்மாமார்களோடும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நான் வேனில் ஏறப் போகிற நேரம்.

தாளாளர் அவர்களை வரவேற்று உட்கார வைத்தார். ஸ்மார்ட் கிளாஸ் போர்டைக் காட்டினார், விளையாட்டு மைதானத்தைக் காட்டினார். அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மாடில ஒரு ரூமு இருக்காமே சார், அதையும் பாத்துக்கறோம்" என்றார். சாவி தொலைந்துவிட்டது என்று தாளாளர் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க சொன்னீங்களா டீச்சர்?"

"ஆமா சார். கேட்டாங்க, சொன்னேன்."

மேஜை டிராயரை இழுத்துச் சாவியை எடுத்தார். அவர் முன்னால் ஏற, அவர்கள் பின்னால், கடைசியில் நான். கதவைத் திறந்ததும் தேர்தான் முதலில் கண்ணில் பட்டது. அந்தப் பெண் உள்ளே போய் ஒரு கிரீடத்தை எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைத்தாள். அந்த அம்மா சண்டைக்குப் போகாமல், கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார். "எத்தன புள்ளைங்க சேந்தா சார் இத லேப்பா மாத்துவீங்க?"

தாளாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த வாஷ்பேசின் பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளிவிட்டு, "இத வாங்கிப் போட்டே ரெண்டு வருசமாச்சும்மா" என்றார். "ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம்னு நெனைக்கிறேன். நெசமாவே செய்யணும்னுதான் நெனைக்கிறேன்." அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பொய் சொல்லிப் பிழைக்கிற ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். தன் நோட்டீஸை முதலில் நம்பிய ஆளே அவர்தான் போலிருக்கிறது.

அவர்கள் மகளைச் சேர்க்கவில்லை. நன்றாகப் பேசி, டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். அன்று மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டு தொப்பியையும் குடையையும் திருப்பிக் கொடுக்கக் கையோடு எடுத்துப் போனேன். தாளாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, "வைங்க டீச்சர்" என்றார். "இந்த வருசம் பிளஸ் ஒன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆறு, ஏழு, எட்டுக்கு சயின்ஸ் எடுக்க ஆள் இல்ல. இருக்கீங்களா?"

மறுபடியும் வேறு வேலை! ஆனால் இந்தத் தடவை, கேட்டுவிட்டுக் கொடுத்தார். வேலையை விடும் எண்ணம் அப்போதே போய்விட்டது. நானும் கேட்டேன். "எடுக்கறேன் சார். ஆனா அதையே எழுதிக் குடுங்க. அந்தக் கடைசி வரி இல்லாம." அவர் சிரித்துவிட்டார். "அந்த வரி இல்லாம எங்க டீச்சர் பள்ளிக்கூடம் நடக்கும்?" என்று சொல்லிக்கொண்டே, வரியை விட்டுவைத்து, அதற்குப் பக்கத்தில் பேனாவால் 'வீடு வீடாகப் போவது தவிர' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் அடித்த நோட்டீஸில் அந்தப் படம் இல்லை. பள்ளி வேன் முன்னால் எங்கள் பிள்ளைகள் நிற்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். டிரைவர் அண்ணனும் ஓரத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்த வருஷம் ஆடி கழிந்து ஒரு நாள், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர்தான் கூட்டத்தில் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, "டீச்சர்!" என்று கூப்பிட்டார். மகளை அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்திருப்பதாகச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அங்கே லேப் எப்படி என்று ஆசையாகக் கேட்டேன்.

"லேப்பு நல்ல பெரிய லேப்பு டீச்சர். கண்ணாடிச் சாமானெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்களாம். ஆனா கெமிஸ்ட்ரி சாரு மாத்தலாகிப் போயி ரெண்டு மாசமாச்சு. இன்னும் ஆளு வரல. வேற பாடம் எடுக்கறவுங்கதான் அப்பப்ப வந்து பாத்துக்கறாங்களாம்."

லேப் இருக்கிறது, டீச்சர் இல்லை. இங்கே பிளஸ் ஒன்னுக்கு என்றே எடுத்த டீச்சர் இருக்கிறேன், ஆறாம் வகுப்பில் காந்தம் நடத்திக்கொண்டு. அந்த அம்மா பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கெழம நீங்க சும்மாதான் இருப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

உடனே சரியென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்தத் தொலைபேசித் திரையும் அடுக்குக் கட்டிலும் கண்முன் வந்து நின்றன. இந்தக் கேள்விக்கு ஆசையாகத் தலையாட்டிவிட்டு, நான்காம் வாரம் போகாமல் இருந்துவிடக் கூடாது. "வீட்டுல கேட்டுட்டு சாயங்காலம் போன் பண்றேங்க" என்றேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் பேசினேன். குழந்தையை யார் பார்ப்பது, எந்த பஸ், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு அன்று மாலை போன் பண்ணினேன். "பப்ளிக் பரீட்சை முடியற வரைக்கும் வாரேன். எந்த வாரமாவது முடியலேன்னா மொத நாளே சொல்லிருவேன்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, அந்தத் தாழ்வாரத்தில் அவளோடு அதே ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை இல்லை. வீட்டின் பச்சைச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன். அந்த அம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய ரப்பர் கையுறையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கல்ஃபிலிருந்து அவள் அப்பாவின் போன் வரும். கிளாஸ் நடக்குதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மழை நாளில் பஸ் கிடைக்காமல், கணவர் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போக முடியவில்லை. சொன்னபடி முதல் நாளே சொல்லிவிட்டேன். மார்கழியில் அந்த அரசுப் பள்ளிக்கும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து சேர்ந்தார். அப்படியும் பரீட்சை வரைக்கும் அந்தத் தாழ்வாரத்து வகுப்பு நிற்கவில்லை.

அந்தப் பெண் இப்போது காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அவளுடைய அப்பாவை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. அவர் கேட்ட கேள்வியைக் கேட்டு எவ்வளவோ நாளாகியும், இப்போதும் யாருக்காவது ஒரு வார்த்தை கொடுக்கும் முன், செய்ய முடியுமா என்று யோசிப்பதற்கு முன்னால், கடைசி வரை இருப்பேனா என்றுதான் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பல சமயம் 'தெரியலைங்க' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன், அதில் எனக்கு இப்போது வெட்கம் எதுவும் இல்லை.